காதைப் பொத்தும் பிள்ளைகள் எத்தனை பேர்?

2006ஆம் ஆண்டு. மாவிலாறு மூடப்பட்டு, மூதூரிலும் சம்பூரிலும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். துறைமுகத்துக்கு அப்பால் ஷெல் விழுகிற சத்தம் திருகோணமலை நகரத்து வகுப்பறைகளுக்குள் நன்றாகவே கேட்கும். நான் அப்போது தரம் 2 படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு பொடியன். மணி அடித்தால் போதும், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். "ஷெல்லுக்குப் பயந்த பிள்ளை" என்று நாங்கள் எல்லாருமே சொன்னோம். அதிபரும் சொன்னார். அந்த நேரத்தில் அதைவிட நியாயமான காரணம் வேறு என்ன இருந்தது?

கிழக்கில் 2007இல் ஷெல் அடங்கியது. 2009இல் யுத்தமே முடிந்தது. பொடியன் தரம் 5க்கு வந்துவிட்டான். மணி அடித்தால் அப்போதும் காதைப் பொத்தினான். ஒருநாள் கூட்டத்துக்கு வந்த தாய் பேச்சுவாக்கில் சொன்னா: "அவருக்குப் பிறந்ததில இருந்தே அப்படித்தான் டீச்சர். மிக்சி போட்டாலும் காதப் பொத்திக்கொண்டு ஓடுவார்." மூன்று வருடமாக ஒருவரும் அந்தத் தாயிடம் இதைக் கேட்கவில்லை.

மற்றவரோடு பழகுவதும் பேசுவதும் சத்தம் போன்றவற்றை உணர்வதும் சின்ன வயதில் இருந்தே வேறு மாதிரி இருப்பதைத்தான் ஓட்டிசம் என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் ஒரு பயிற்சிப் பட்டறையில் கேள்விப்பட்டது அதற்கும் பிறகுதான். அந்தப் பொடியனுக்கு ஓட்டிசம் இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியர் இல்லை. ஆனால் "பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஓட்டிசம்?" என்ற கேள்வி வரும்போதெல்லாம் அவன்தான் ஞாபகத்துக்கு வருவான். அவன் எந்தக் கணக்கிலும் சேர்ந்திருக்க மாட்டான்.

நூற்றுக்கு ஒன்று என்பது யார் எண்ணியது?

இலங்கைக்கென்று அடிக்கடி சொல்லப்படும் எண் 93க்கு ஒன்று. கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் "இலங்கையில் 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம்" என்று அடித்துச் சொல்வார்கள். இது 2009இல் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்தது. பாதி நகரமாகிவிட்ட ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்களில் நான்கு பேருக்கு ஓட்டிசம் உறுதியானது. 374ஐ நான்கால் வகுத்தால் 93 சொச்சம். அவ்வளவுதான்.

நான்கு குழந்தைகள்! இன்னொரு குழந்தை கூடியிருந்தால் 75க்கு ஒன்று. ஒன்று குறைந்திருந்தால் 125க்கு ஒன்று. ஆய்வில் பிழை என்று இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில், அந்த வசதிக்குள், நேரே குழந்தைகளைப் பார்த்துச் செய்த நல்ல வேலை அது. அதைத் தூக்கி முழு நாட்டுக்கும் பொருத்துகிறவர்கள் விடுகிற பிழைதான் இது. அங்கே பார்த்தது இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை. பாடசாலைப் பிள்ளைகளை இல்லை. நன்றாகப் பேசிக்கொண்டு, ஆனால் கூட்டுச் சேரத் தெரியாமல் தடுமாறுகிற பிள்ளை தரம் 3 அல்லது 4க்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். அந்த வயதில் எங்கள் பிள்ளைகளை எண்ணிய பெரிய கணக்கு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

அதே ஆய்வில் இன்னொரு விசயம் இருக்கிறது. எனக்கு 93ஐ விட அதுதான் பெரிசாகத் தெரிகிறது. உலகம் முழுக்கப் பாவிக்கிற எம்-சாட் என்ற கேள்விப் பட்டியலைத் தாய்மாரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு பிள்ளைகளில் ஒன்றைத்தான் அது பிடித்தது. "உங்கள் பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுமா? உங்கள் கண்ணைப் பார்க்குமா?" என்று கேட்டால் எங்கள் தாய்மார் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். அது பொய் இல்லை. பிள்ளை கேட்கும் முன்பே பாலும் பிஸ்கட்டும் கைக்கு வந்துவிடுகிற வீட்டில், அது சுட்டிக் காட்டுகிறதா என்று யார் கவனிப்பது? பெரியவர்களின் கண்ணைப் பார்க்காமல் குனிந்து நிற்பது மரியாதை என்று வளர்க்கிற ஊரில் கண்ணைப் பார்க்காததைக் குறை என்று யார் நினைப்பது? பின்னர் இலங்கையிலேயே படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை அந்த ஆய்வாளர்கள் உருவாக்கியது இந்த அனுபவத்தில் இருந்துதான்.

பாடசாலை வயதுக் கணக்குக்கு வெளிநாட்டுக்குத்தான் போகவேண்டும். தென்கொரியாவில் கோயாங் என்ற நகரத்தில் 7 முதல் 12 வயது வரையான பிள்ளைகளைப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வு 2.64 வீதம் என்றது. உலகமே அப்போது அதிர்ந்தது. அதைவிட அதிரவேண்டியது, அந்தப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் சாதாரண பாடசாலைகளில், ஒரு வைத்தியரிடமும் காட்டப்படாமல், ஒரு உதவியும் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் 2009இல் செய்த ஆய்வும் இதே கதையைச் சொன்னது: கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகள் மூவர் என்றால், கண்டுபிடிக்கப்படாதவர்கள் இருவர். பிறகு இங்கிலாந்தின் 70 லட்சம் மாணவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது 57 பேருக்கு ஒருவர், அதாவது 1.76 வீதம் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் முன்பு 100க்கு ஒன்று என்றது. இப்போது 127க்கு ஒன்று என்கிறது. ஏழை நாடுகள் பலவற்றில் எண்ணிப் பார்க்கவே இல்லை என்பதையும் அந்த நிறுவனமே சொல்கிறது.

அமெரிக்கக் கணக்கு இன்னும் வேடிக்கை. அங்கே சி.டி.சி. என்ற அரச நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனம் எட்டு வயதுப் பிள்ளைகளின் பாடசாலை, வைத்தியசாலைப் பதிவுகளைக் கூட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண் சொல்லும். 2000இல் 150க்கு ஒன்று. 2020இல் 36க்கு ஒன்று. 2022இல் 31க்கு ஒன்று. இந்தக் கடைசிக் கணக்குக்குள்ளேயே கலிபோர்னியாவில் பார்த்த இடத்தில் 19க்கு ஒன்று. டெக்சாசின் லரேடோவில் 103க்கு ஒன்று. ஒரே நாடு, ஒரே வருடம், ஐந்து மடங்கு வித்தியாசம். கலிபோர்னியாப் பிள்ளைகளின் மூளை லரேடோப் பிள்ளைகளுடையதைவிட ஐந்து மடங்கு வேறு மாதிரியா இருக்கும்? பார்க்கிற கண்கள் எத்தனை, அதற்கு ஆள்கள் எத்தனை, கிளினிக் எத்தனை என்பதுதான் அந்த வித்தியாசத்தின் பெரும்பங்கு.

அப்படியானால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற ஒரு திருகோணமலைப் பாடசாலையில் எத்தனை பேர் இருக்கக்கூடும்? இலங்கை எண்ணை எடுத்தால் பத்து, பதினொரு பேர். இங்கிலாந்து எண்ணை எடுத்தால் பதினேழு. கோயாங் எண்ணை எடுத்தால் இருபத்தாறு. அதாவது நாற்பது பிள்ளைகள் நெருக்கியிருக்கும் ஒரு வகுப்புக்கு ஒருவர். நகரத்துப் பெரிய பாடசாலைகளில் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவரிடம் "உங்கள் பாடசாலையில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். விசேட கல்வி அலகு இருந்தால் அதில் இருக்கிற மூன்று, நான்கு பிள்ளைகளைச் சொல்வார். இல்லாவிட்டால் "எங்கட ஸ்கூல்ல அப்படி ஒருத்தரும் இல்ல" என்பார். மிச்சப் பேர் "குழப்படி", "ஊமைக் கொட்டான்", "திமிர் பிடிச்சது", "தாய் செல்லம் குடுத்துக் கெடுத்தது" என்ற பெயர்களில் வகுப்புக்குள்ளேயே இருக்கிறார்கள்.

கூடுகிறதா, தெரிகிறதா?

"முந்தி இப்பிடி இருக்கேல்லையே" என்பது எல்லோரும் சொல்கிற வாக்கியம். 1943இல் சிறுவர் மனநல வைத்தியர் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது ஓட்டிசம் என்பது மிக அபூர்வமான ஒன்றாக இருந்தது. 1966இல் இங்கிலாந்தில் மிடில்செக்சில் முதன்முதலாக எண்ணியபோது 10,000க்கு 4.5 பேர்தான் வந்தார்கள். அப்போது தேடியது பேச்சே வராத, உலகத்தையே திரும்பிப் பாராத பிள்ளைகளை மட்டும். அதன்பிறகு வரைவிலக்கணம் அகன்றுகொண்டே போனது. 1994இல் நன்றாகப் பேசுகிற பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். 2013இல் பிரிவுகள் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. வலையை அகலமாக விரித்தால் மீன் கூடத்தானே படும். டென்மார்க்கில் இதை எண்ணிப் பார்த்தார்கள்: அங்கு கூடிய தொகையில் 60 வீதம், வரைவிலக்கணத்தையும் பதிவு செய்கிற முறையையும் மாற்றியதால் வந்தது. மீதியில் உண்மையான கூடுதலும் கொஞ்சம் இருக்கலாம். குறைமாதக் குழந்தைகள் இப்போது பிழைக்கிறார்கள். பெற்றோரின் வயதும் கூடியிருக்கிறது. இரண்டும் ஓட்டிசத்துக்கான வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகின்றன.

தடுப்பூசியைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்ற செய்தி வட்ஸ்அப்பில் வருடம் தவறாமல் சுற்றுவதால் சொல்லிவிடுகிறேன். 1998இல் லான்செட் சஞ்சிகையில் 12 பிள்ளைகளை வைத்து வந்த கட்டுரையை 2010இல் அந்தச் சஞ்சிகையே மீளப் பெற்றது. எழுதியவரின் வைத்தியப் பதிவும் பறிபோனது. 2019இல் டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைப் பார்த்ததில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்குப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை. மூன்று வயது ஊசி போடுகிற காலமும், பிள்ளை பேசவில்லை என்று வீடு கவலைப்படத் தொடங்குகிற காலமும் ஒன்றாக வருவதுதான் சந்தேகத்தின் வேர். மரபணுவின் பங்குதான் மிகப் பெரியது. ஐந்து நாடுகளின் 20 லட்சம் பேரை வைத்துச் செய்த கணக்கில் அது 80 வீதத்துக்குக் கிட்ட. ஒரு பிள்ளைக்கு இருந்தால் அடுத்த பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு ஐந்தில் ஒன்று. ஆகவே தாய் வேலைக்குப் போனதாலும் இல்லை, போன் கொடுத்ததாலும் இல்லை. நாள் முழுக்கப் போன் பார்க்கிற பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தலாம். அது வேறு கதை.

தமிழ்நாட்டில் இதற்கு "மதியிறுக்கம்" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான சொல், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. மதி ஒன்றும் இறுகிப்போகவில்லை. அமெரிக்கக் கணக்கிலேயே, சோதித்துப் பார்த்த எட்டு வயதுப் பிள்ளைகளில் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருந்தவர்கள் 40 வீதம் அளவில்தான். மிச்சப் பேருக்கு அந்தக் குறைபாடு இல்லை. இந்தக் கட்டுரையில் நான் எங்கள் ஊர்ப் பேச்சில் இருக்கிற "ஓட்டிசம்" என்பதையே பாவிக்கிறேன்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பதிவுகளில் நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்று வரும். நேரே தேடிப் பார்த்த ஆய்வுகளில் அது மூன்றுக்கு ஒன்று என்று இறங்குகிறது. சத்தமில்லாமல், முன் வாங்கில், மற்றப் பிள்ளைகளைப் பார்த்து அவர்களைப் போலவே சிரிக்கப் பழகிக்கொண்ட பெண் பிள்ளையை எந்த ஆசிரியை வைத்தியரிடம் அனுப்பப் போகிறா? "என்ன அமைதியான பிள்ளை" என்று பரிசளிப்பு விழாவில் நல்லொழுக்கத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்து அனுப்புவோம்.

வயிற்றில் இருந்து தொடங்குவோம்

எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஓட்டிசத்துக்கு மருந்து இல்லை. அது பிள்ளை உலகத்தை வாங்கிக்கொள்கிற விதம். ஆனால் அதோடு கூட வருகிற நோய்களில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. பிள்ளையை வகுப்பில் படுத்துகிறது பெரும்பாலும் அந்தக் கூட வருகிறவைதான். பெயர் வைத்தாகிவிட்டால் எல்லாவற்றையும் அந்தப் பெயரின் தலையில் போட்டுவிடுகிறோம். கத்தினால் ஓட்டிசம், தலையை இடித்தால் ஓட்டிசம், நித்திரை கொள்ளாவிட்டால் ஓட்டிசம்.

பிற்காலத்தில் எனக்கு வாய்த்த ஒரு மாணவி, வயது எட்டு, ஓட்டிசம் என்று ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவள். பேச்சு இரண்டு மூன்று சொல்தான். பத்து மணி இடைவேளை முடிந்து வந்தால் மேசை விளிம்பில் வயிற்றை வைத்து அழுத்திக்கொண்டு குப்புறக் கிடப்பாள். எழுப்பினால் கடிப்பாள். இடைக்கிடை சட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துவிடும். வீட்டில் வயிற்றோட்டம் என்று நினைத்து மாதுளங்கோது அவித்துக் கொடுத்தார்கள்; மரக்கறியையும் பழத்தையும் நிறுத்தினார்கள். ஒருநாள் கிளினிக்கில் வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாயிடம் கேட்டார்: "கடைசியா எப்ப முழுசா வெளிக்குப் போனது?" தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கிழமைக்கு மேலாம்.

அது வயிற்றோட்டம் இல்லை, மலச்சிக்கல். நடப்பது இப்படி: பாடசாலைக் கழிவறையின் மணமும் ஈரமும், தண்ணீர் வாளிக்குள் விழுகிற சத்தமும் பிடிக்காமல் பிள்ளை அடக்கும். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகியது வெளியேறும்போது நோகும். நோகிறது என்பதால் இன்னும் அடக்கும். நாள் போகப் போகக் குடலின் கடைசிப் பகுதி விரிந்து, "வருகிறது" என்ற உணர்வே மழுங்கிப்போகும். பிறகு மேலே இருக்கிற தண்ணி மலம் அந்த இறுகிய கட்டியின் ஓரத்தால் கசிந்து சட்டையில் படும். பார்க்கிறவருக்கு வயிற்றோட்டம். வீட்டு வைத்தியம் எல்லாம் அதை இன்னும் இறுக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளைக்குக் குடலைச் சுத்தமாக்க மருந்து கொடுத்து, பிறகு மலத்தை இளக்கும் லக்டுலோஸ் பாணி பல மாதம் தொடர்ந்து, சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கழிவறையில் காலுக்குக் கீழே ஒரு சின்ன பலகை வைத்து இருக்கப் பழக்கினார்கள். கடிப்பது நின்றது. சொற்கள் கூடவில்லை, ஓட்டிசம் ஓட்டிசமாகவே இருந்தது. ஆனால் மேசையில் நிமிர்ந்து இருந்து நிறம் தீட்டினாள்.

பல ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் செய்த கணக்கில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வயிற்று முறைப்பாடுகள் மற்றப் பிள்ளைகளைவிட நான்கு மடங்கு. அதற்கு முந்திய வருடம் வந்த இன்னொரு கணக்கில் சாப்பாட்டுப் பிரச்சினை ஐந்து மடங்கு. வெள்ளைச் சோறும் மாரி பிஸ்கட்டும் தவிர வேறெதையும் தொடாத பிள்ளையை அடித்துத் தீத்தி ஒன்றும் ஆகாது. ஆனால் "அது அப்படித்தான்" என்று விட்டாலும் ஆபத்து. இரும்புச் சத்துக் குறைந்தால் நித்திரை குழம்பும், கால் துடிக்கும். பழமும் மரக்கறியும் வருடக்கணக்காக இல்லாமல், பழைய காலக் கப்பல்காரருக்கு வந்த ஸ்கேர்வி நோய் வந்து நடக்க மறுத்த பிள்ளைகளைப் பற்றி வைத்தியச் சஞ்சிகைகளில் எழுதியிருக்கிறார்கள். பல் வலியும் இப்படித்தான். பிரஷ்ஷை வாய்க்குள் விடாத பிள்ளைக்குச் சொத்தைப் பல் வருவதும், நோகிறது என்று சொல்லத் தெரியாமல் கன்னத்தில் அடித்துக்கொள்வதும் நடக்கும். திடீரென்று குணம் மாறினால் முதலில் வாய், காது, வயிறு என்ற வரிசையில் பாருங்கள் என்று ஒரு வைத்தியர் எனக்குச் சொல்லித் தந்தார். அதைவிடப் பிரயோசனமான வசனத்தை எந்தப் பட்டறையிலும் நான் கேட்கவில்லை.

வலிப்பு என்பது விழுந்து துடிப்பது மட்டும் இல்லை

ஓட்டிசம் உள்ளவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் அளவில் வலிப்பும் இருக்கும். அறிவு வளர்ச்சிக் குறைபாடும் கூட இருந்தால் ஐந்துக்கு ஒருவர். சின்ன வயதில் ஒருமுறையும், பெரிய பிள்ளையாகிற வயதில் இன்னொருமுறையும் இது தொடங்குகிற வாய்ப்புக் கூட. பதின்மூன்று, பதினான்கு வயதுவரை ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு முதல் வலிப்பு வந்தால் அதனால்தான் வீட்டார் திகைத்துப் போகிறார்கள்.

விழுந்து துடித்தால் எல்லோருக்கும் தெரியும். உடனே கையில் திறப்புக் கோர்வையைத் திணிப்பார்கள். இரும்பு பட்டால் நிற்குமாம். வலிப்புத் தானாக ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிடும், பெயர் திறப்புக்குப் போய்விடும். பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்து, தலைக்குக் கீழே எதையாவது மடித்து வைத்து, வாய்க்குள் ஒன்றும் போடாமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாலே போதும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஓட்டோவைக் கூப்பிடவேண்டும்.

வகுப்பில் தப்பிப்போவது மற்ற வகை. எழுதிக்கொண்டிருக்கும் கை நிற்கும். கண் ஒரு இடத்தில் குத்தி நிற்கும். பத்துப் பதினைந்து விநாடி. பிறகு விட்ட இடத்தில் இருந்து எழுதும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது தரமும் வரும். ஓட்டிசம் உள்ள பிள்ளை தன் பாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு என்பதால் இரண்டையும் பிரிப்பது கடினம். எனக்குத் தெரிந்த வழி, தோளில் தொடுவது. யோசனையில் இருக்கிற பிள்ளை நெளியும், திரும்பும், எரிச்சல்படும். வலிப்பில் இருக்கிற பிள்ளைக்குத் தொட்டதே தெரியாது. சந்தேகம் இருந்தால் போனில் படம் பிடித்து, பெற்றோர் மூலம் வைத்தியரிடம் காட்டுங்கள். மூளையின் மின்னலைகளைப் பதிகிற ஈ.ஈ.ஜி. சோதனைக்கு அனுப்பவேண்டுமா என்பதை அவர் முடிவெடுப்பார்.

இன்னும் ஒன்று. சில பிள்ளைகளின் உடம்பில் பிறந்ததில் இருந்தே இலை வடிவத்தில் வெளிறிய திட்டுகள் இருக்கும். வீட்டில் தேமல் என்று பூச்சு பூசுவார்கள். தேமல் வந்து போகும், இது போகாது. அந்தத் திட்டுகளோடு வலிப்பும் இருந்தால் டியூபரஸ் ஸ்க்லரோசிஸ் என்ற மரபணு நோயாக இருக்கலாம். அந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓட்டிசமும் இருக்கிறது. மூளை, சிறுநீரகம், இருதயம் எல்லாவற்றையும் பார்க்கவேண்டிய நோய் என்பதால், ஒரு திட்டைக் கவனித்துச் சொல்வதே பெரிய உதவி.

மனம் சார்ந்தவை இவற்றைவிடப் பரவலானவை. இங்கிலாந்தில் 10 முதல் 14 வயது வரையான 112 பிள்ளைகளைப் பார்த்த ஆய்வில் 70 வீதத்தினருக்கு ஓட்டிசத்தோடு வேறொரு மனநலச் சிக்கலாவது இருந்தது. 41 வீதத்தினருக்கு இரண்டு அல்லது அதற்கு மேல். பதற்றமும், ஒரு இடத்தில் இருக்க முடியாத ஏ.டி.எச்.டி.யும்தான் முன்னுக்கு வந்தன. 2013வரை அமெரிக்க மனநல வைத்தியர்களின் நோய்க் கையேட்டின்படி ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது என்று எழுதவே கூடாது! இரண்டும் ஒரு பிள்ளையில் இருக்க முடியாதாம். அந்த விதியால் எத்தனை பிள்ளைகள் மருந்து கிடைக்காமல் போனார்களோ. நித்திரைக் குழப்பம் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழும்பிச் சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் தாய் காலை ஏழரைக்குப் பாடசாலை வாசலில் எப்படி நிற்கிறா என்பதைப் பார்த்தாலே விளங்கும்.

திருகோணமலைக்கு என்று ஒரு ஆபத்து

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீரென்றால் உயிர். ஆபத்து என்ற உணர்வு குறைவு. கதவு திறந்திருந்தால் சத்தமில்லாமல் புறப்பட்டுவிடுவார்கள். இந்த மூன்றும் சேர்வதால் இப்பிள்ளைகளின் விபத்து மரணங்களில் நீரில் மூழ்குவது முன்னுக்கு நிற்கிறது. மூன்று பக்கம் கடல் சூழ்ந்த நகரம் எங்களுடையது. அந்தப் பக்கம் கிண்ணியாக் களப்பு, இந்தப் பக்கம் உப்புவெளி, நிலாவெளி, உள்ளே தம்பலகாமத்து வாய்க்கால்கள். வளவுக்குள் கட்டில்லாத கிணறுகள் வேறு. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு, படலைக்கு உயரத்தில் கொண்டி வைத்து, "எங்கட பிள்ளை தனியக் கண்டா மறிச்சு வையுங்கோ" என்று அக்கம்பக்கத்துக்கும் முச்சந்திக் கடைக்காரருக்கும் வெட்கப்படாமல் சொல்லிவைத்த ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். மகனுக்கு நீச்சலும் பழக்கினார். ஊரில் பலர் பிள்ளையை மறைத்து வைக்கிறார்கள். பிள்ளை காணாமல் போகிற அன்றைக்குத்தான் அப்படியொரு பிள்ளை அந்த வீட்டில் இருப்பதே ஒழுங்கைக்குத் தெரியவருகிறது.

யாரிடம் காட்டுவது என்பதில் எங்கள் ஊருக்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. முதலில் நாவூறு கழிப்பது, நூல் கட்டுவது, ஓதிப் பார்ப்பது. அதில் தவறொன்றும் இல்லை. அதிலேயே நான்கு வருடம் போவதுதான் தவறு. "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என்ற ஆறுதலில் இன்னும் ஒரு வருடம் போகும். மிட்வைஃப் மிஸ் பதிகிற கிளினிக் கொப்பியிலேயே எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்ற பக்கங்கள் இருக்கின்றன. நிறைப் பக்கத்தைப் பார்க்கிற கண்கள் அந்தப் பக்கங்களுக்குப் போவது குறைவு. பாடசாலைக்கு வந்த பிறகு தரம் 1, 4, 7, 10இல் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு வந்து மருத்துவப் பரிசோதனை செய்யும். கண், பல், உயரம், நிறை, இரத்தசோகை எல்லாம் பார்ப்பார்கள். வரிசையில் நிற்கிற இருநூறு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற அந்த மூன்று நிமிடத்தில், ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ஓட்டிசம் எப்படித் தெரியும்? மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்கு அனுப்பினால் பெரும்பாலும் முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். "என்ர பிள்ளைக்குக் காது நல்லாக் கேட்கும்" என்று தாய்மார் கோபப்படுவார்கள். ஆனால் அது சரியான முதல் படி.

பேச்சுப் பயிற்சி என்று வரும்போதுதான் பாதை ஒடுங்குகிறது. தமிழில் பேச்சுப் பயிற்சி தரக்கூடியவர்கள் நாட்டிலேயே குறைவு. கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலில், புதிய சத்தங்களுக்கு நடுங்குகிற பிள்ளையோடு. போய்ச் சேர்ந்தால் சில வேளை பயிற்சி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் கிடைக்கும். பிறகு "ஒரு பாசை மட்டும் கதையுங்கோ" என்று யாரோ சொன்னார்கள் என்று அம்மம்மா தமிழையே விட்டுவிட்டு நாலு ஆங்கிலச் சொல்லில் பேரனோடு பேசுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சுக் கெடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அம்மம்மா தமிழிலேயே பேசலாம்.

ஆசிரியராக எங்கள் கையில் இருப்பது ஒரு கடிதம். இத்தனை வருடத்தில் நான் எழுதிய கடிதங்களைத் திரும்பிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. "இம்மாணவர் வகுப்பில் கவனம் செலுத்துவதில்லை. தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதை வைத்து எந்த வைத்தியர் என்ன செய்வார்? ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் எழுதிய ஒன்றின் பிரதி மட்டும் என்னிடம் இருக்கிறது: "செவ்வாய் இரண்டாம் பாடத்தில் மூன்று தரம் எழுதும் கை நின்றது, ஒவ்வொன்றும் பத்து விநாடி அளவில், தோளில் தொட்டும் திரும்பவில்லை. புதன் இரண்டு தரம். கழிவறைக்கு இந்தத் தவணையில் ஒருநாளும் போனதில்லை. மணி அடிக்க முன் காதைப் பொத்துகிறார். மணிக்கூட்டைப் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறார்."